மூன்று தலைக் குறி

பிளாஸ்டிக் கேமராவைப் பற்றி இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. சென்னையில் நன்றாகப் படித்த பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள். படத்தின் ஓரம் இருட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் தீப்பிடித்தாற்போல வெளிச்சம் கசிய வேண்டும். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறி உட்கார வேண்டும். இதற்கெல்லாம் பயிற்சி வகுப்புகூட நடக்கிறதாம். என் பெரியப்பா எந்த வகுப்புக்கும் போகாமல், ஒரே பகலில், ஒரே ஃபிலிம் சுருளில் இந்த மூன்றையும் சாதித்துக் காட்டினார். பார்த்த சாட்சியும் நான்தான், படத்தில் இருந்தவளும் நான்தான் என்பதால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம். வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான். அப்பா மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அப்போது தெருவுக்குத் தெரு ஒரு வீட்டில் டேப் ரிக்கார்டர் பாடத் தொடங்கியிருந்தது. எந்த வீட்டில் பாடுகிறதோ அந்த வீட்டு ஆண்பிள்ளை ஊரில் இல்லை என்று அர்த்தம். அப்பாவின் கடிதம் பெரியப்பா பெயருக்கு வரும். அதுதான் முறை. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்ட பிறகு அவர் கூடத்தில் உட்கார்ந்து அதை உரக்கப் படிப்பார். அண்ணன் அண்ணிக்கு நமஸ்காரம், குறுவை எப்படி, மாடு கன்று போட்டதா, வாய்க்கால் தகராறு தீர்ந்ததா என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றேதான்: குழந்தையையும் அவள் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லவும். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா, அந்த வரி வந்ததும் உள்ளே போய்விடுவாள். தன்னை விசாரித்தாகிவிட்டது, இனி பாத்திரம் தேய்க்கலாம் என்று நினைத்துப் போகிறாள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அந்தக் கோடையில் அப்பாவோடு மஸ்கட்டில் வேலைபார்த்த எதிர்வீட்டு அண்ணன் லீவில் வந்தார். அப்பா கொடுத்தனுப்பிய பையைப் பெரியப்பா பிரித்தார். அவருக்கு மூன்று பேட்டரி போடுகிற டார்ச் ஒன்று. பெரியம்மாவுக்கு வழுவழுவென்று ஒரு புடவை. எனக்கு விளையாட்டுக் கேமரா ஒன்று, கூடவே ஒரு ஃபிலிம் சுருள். அம்மாவுக்கென்று தனியாக எதுவும் இல்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பையைக் கவிழ்த்து உதறி மடித்து வைத்தாள்.

அந்தக் கேமரா! கையில் எடுத்தால் சோப்பு டப்பா எடை. கறுப்புப் பிளாஸ்டிக். ஆட்டினால் உள்ளே என்னவோ கடகடவென்றது. முதுகில் ரத்தச் சிவப்பில் ஒரு குட்டி ஜன்னல்; அதில் எண் தெரியும். மேலே ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் மேகம் போட்ட விசை. முன்னால் லென்ஸ் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். அதில் ஒரு தலை, மூன்று தலை, ஒரு கும்பல், ஒரு மலை என்று வரிசையாகக் குறிகள். எடுக்கப்போகிற ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாரோ அதற்கேற்ற குறியில் வளையத்தை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அதன் அறிவு. இரவெல்லாம் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தலை, மூன்று தலை, கும்பல், மலை! எங்கள் ஊரில் மலை கிடையாது. இருந்தால் எடுத்துவிடலாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் பெரியம்மா வளையத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்னாங்க, இங்க பாருங்க. மூணு தலை போட்டிருக்கான்.”

“அது தூரத்துக்குப் போட்டது.”

“எதுக்குப் போட்டா என்ன? மூணு பேரு சேந்து படம் எடுத்தா ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். கட்டையில போறவன் அதையே குறியாப் போட்டு வித்திருக்கான் பாருங்க.”

மூன்று பேராகப் படம் எடுத்துக்கொண்டால் மூவரில் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்பது எங்கள் பக்கத்தில் சட்டத்துக்குச் சமம். ஸ்டூடியோவில்கூட மூன்று பேர் போனால் ஓரமாக ஒரு பொம்மையை நிறுத்தி நாலாக்கிவிடுவார்கள். பெரியப்பா எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், மூடநம்பிக்கையை எதிர்ப்பவர். ஆனால் பெரியம்மாவை எதிர்ப்பவர் அல்லர். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: வளையத்தை மூன்று தலைக் குறியைத் தாண்டித் திருப்பலாம், அதில் நிறுத்தக் கூடாது. பிற்காலத்தில் அலுவலகத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகள் பார்த்தேன். இவ்வளவு சுருக்கமாக எல்லாத் தரப்பையும் திருப்திப்படுத்திய ஒன்றைப் பார்க்கவில்லை.

இப்போது, படம் எடுக்க என்ன அவசரம் என்பதற்கு வருகிறேன். முந்தைய வருஷம் எனக்கு அம்மை வார்த்திருந்தது. இறங்கினால் முடி தருவதாக அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மொட்டை. அப்பா மஸ்கட் போனபோது என் முடி காதோடு நின்றது; இப்போது இடுப்பைத் தொட்டது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்க்கவும் முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை பூ ஜடை தைத்து, படம் எடுத்து, லீவு முடிந்து திரும்புகிற எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுத்தனுப்புவது என்று ஏற்பாடு. அப்பா என் ஜடையைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு காரியம் இருக்கவில்லை.

வழக்கமாக இதற்கு ஸ்டூடியோவுக்குப் போவோம். அங்கே ஆளுயரக் கண்ணாடி இருக்கும். பெண்ணை அதற்கு முதுகுகாட்டி நிற்கவைத்து எடுத்தால், முன்னால் முகமும் பின்னால் கண்ணாடியில் ஜடையும் ஒரே படத்தில் விழும். பெரியப்பா கேட்டார், “வீட்டுல கேமரா இருக்கறப்ப ஸ்டூடியோ எதுக்கு?”

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அம்மா தைத்தாள். வாழைப்பட்டையை நீளமாகக் கிழித்து, அதன்மேல் மல்லிகை மொட்டை வரிசை வரிசையாக ஊசியால் கோத்து, நடுநடுவே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்து, என் பின்னலோடு சேர்த்துத் தைத்தாள். தலை பின்பக்கமாக இழுத்தது. திரும்பினால் ஒரு குட்டி ஆள் முதுகில் தொங்குவதுபோல இருந்தது. வெயிலும் தலைச்சூடும் பட்டால் மொட்டு சாயங்காலம்வரை காத்திருக்காது; அது மலர்வதற்குள் எடுக்க வேண்டும். மலர்ந்துவிட்டால் வரிசை கலைந்து கோலம் போய்விடும்.

பெரியம்மாவின் டிரஸ்ஸிங் டேபிளிலிருந்து கண்ணாடியைத் திருகு கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுவந்து, வைக்கோல் போரில் சாய்த்து வைத்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது. பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். படம் எடுக்கிறவருக்குச் சட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

“நேரா நின்னு எடுக்கக் கூடாது. நேரா நின்னா நாம கண்ணாடியில விழுந்துடுவோம். சாய்வா நிக்கணும். அதான் வித்தை,” என்று எல்லோருக்கும் விளக்கினார். அம்மா என் நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் கேமராவைப் பழக்க வேண்டும் என்று மாட்டை எடுத்தார். பிறகு கேமராவைப் பெரியம்மாவிடம் கொடுத்துத் தான் மாட்டுக்கொட்டகை வாசலில் விறைப்பாக நின்றார். “அமுக்கு!” பெரியம்மா அமுக்கினாள். பிறகு அவளைத் தென்னைமரத்தடியில் நிறுத்தி இவர் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் டிக் என்று ஒரு சத்தம், பல்லி சொன்னதுபோல. அந்த டிக்குக்கு நான் துள்ளினேன். என்ன விழுந்தது, எப்படி விழுந்தது, யாருக்கும் தெரியாது! உள்ளே இருட்டில் மாடு இருக்கிறது, பெரியப்பா இருக்கிறார், பெரியம்மா இருக்கிறாள். மூன்று பேரும் அந்த டப்பாவுக்குள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும் என்பது பெரியப்பாவுக்குச் சில சமயம் ஞாபகம் வந்தது.

“அய்யோ, மூடியக் கழட்டலையே!” என்று நான் கத்தினேன். என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுத்த முதல் படங்களெல்லாம் மூடி போட்டபடியே எடுத்தவை. பார்க்கிற துளை வேறு, படம் விழுகிற லென்ஸ் வேறு. மூடியிருந்தாலும் துளை வழியே நான் அழகாகத்தான் தெரிந்தேனாம்.

“அதை முன்னாலயே சொல்ல மாட்டியா?”

“நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்களே.”

மூடியைக் கழற்றினார். மறுபடியும் எடுத்தார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “இது உள்ள ஒழுங்கா விழுதான்னு பாத்துடுவோம்” என்று சொல்லி, பட்டப்பகலில், உச்சி வெயிலில், கேமராவின் முதுகைத் திறந்துவிட்டார். ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணன் கொல்லை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து “அண்ணே, திறக்காதீங்க!” என்று அலறினார். பெரியம்மா பாய்ந்து, தோளில் கிடந்த ஈரத்துண்டைக் கேமராவின்மேல் போட்டு அமுக்கினாள். அதற்குள் சூரியன் உள்ளே போய் வந்துவிட்டது.

அப்புறம் குமிழைத் திருகிச் சிவப்பு ஜன்னலில் பார்த்தால் கடைசி எண் வந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு படம். ஜடையில் மேல்வரிசை மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கியிருந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் உளுந்து வியாபாரி வந்து குரல் கொடுத்தார். வயலில் கிடந்த உளுந்து முழுவதும் அவர் கையில் போகவேண்டியது. பெரியப்பா கேமராவைக் கட்டுத்தறிமேல் வைத்தார். “யாரும் தொடாதீங்க, வந்துடறேன்” என்று போனார். பெரியம்மாவும் மோர் கொண்டுபோனாள். கொல்லையில் நானும் அம்மாவும் மாடும்.

“அம்மா, பூ மலருது.”

அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கேமராவை எடுத்தாள்.

“திரும்பாத. அப்படியே நில்லு.”

கேமராவை எடுத்தவள் உடனே எடுக்கக் கூடாதா? முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கன்னத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து ஒழுங்காகத் தோளில் போட்டாள். படம் எனக்கா இவளுக்கா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு வளையத்தைத் திருப்பினாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

“அம்மா! மூணு தலையில நிக்குது!”

“தெரியும். சும்மா இரு.”

“பெரியம்மா அதுல நிறுத்தக் கூடாதுன்னாங்க.”

“பெரியம்மா இங்க இல்ல.”

அதோடு போகவில்லை. பெரியப்பா காட்டிய சாய்வான இடத்தை விட்டுவிட்டு எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கேமராவைக் கண்ணில் வைக்காமல் வயிற்றோடு பிடித்துக்கொண்டாள்.

“கண்ணுல வெச்சுப் பாத்து எடும்மா! நேரா நிக்காத, நீ கண்ணாடியில விழுந்துடுவ!”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. வைக்கோல் போரில் அப்படி என்ன இருக்கிறது என்று திரும்பத் தோன்றியது. டிக்.

மூடியைப் போட்டுக் கேமராவைக் கட்டுத்தறிமேல் வைத்துவிட்டு முந்தானையைப் பழையபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரியப்பா திரும்பி வந்ததும், “பூ மலந்துபோச்சுக்கா, அதான் நானே எடுத்துட்டேன்,” என்று பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியப்பாவிடம் அவள் நேராகப் பேசுவதில்லை. பெரியம்மாவிடம் சொன்னால் பக்கத்தில் நிற்கும் அவருக்குக் கேட்கும். வீட்டில் தபால் அப்படித்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் என் முடி போயிற்று. சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்கு வந்து, ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்திருந்த படத்துக்காகக் காத்திருந்தேன். திங்கள்கிழமை சாயங்காலம் ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் தானே கொண்டுவந்தார். கொடுத்தனுப்பினால் போதும் என்றிருந்தும் அவரே வந்ததற்குக் காரணம், படங்களைப் பார்க்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

“அய்யா, இருவத்தஞ்சு வருஷமாத் தொழில் பண்றேன்,” என்றார். “இப்படி நான் பாத்ததே இல்ல.”

கூடத்தில் பாய்மேல் பரப்பினார். நான் மேலே கவிழ்ந்து விழுந்தேன். ஓ! முதல் படத்தில் பெரியப்பா விறைப்பாக நிற்கிறார். அவர் சட்டைக்குள்ளிருந்து மாடு வெளியே வருகிறது. மாட்டின் கொம்புகள் அவர் காதுகளுக்கு மேலே கச்சிதமாக முளைத்திருக்கின்றன. அடுத்ததில் பெரியம்மாவின் தலையிலிருந்து தென்னைமரம் கிளம்பி, கொண்டையில் குலை குலையாக இளநீர் தொங்குகிறது. சில படங்கள் அமாவாசை. ஒன்றில் இடதுபக்கமிருந்து வெள்ளை நெருப்பு பொங்கிவந்து கொல்லை முழுவதையும் விழுங்குகிறது; நெருப்புக்கு நடுவே என் பாவாடை மட்டும் தனியாக நிற்கிறது. ஓரங்களிலெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருட்டு. ஒழுங்காக வந்த ஸ்டூடியோப் படங்களில் நாங்கள் எல்லோரும் செத்தவர்கள் மாதிரி இருப்போம். இதில் மாடும் பெரியப்பாவும் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து உயிரோடு இருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக மூச்சுமுட்டியது. மறுபடியும் எடுக்கலாம், நாளைக்கே எடுக்கலாம், ஆற்றையும் பஸ்ஸையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கத்தினேன்.

“கொம்பு நல்லா அமைஞ்சிருக்குய்யா,” என்றார் ஸ்டூடியோக்காரர்.

பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைசிப் படம் பாய் ஓரத்தில் கிடந்தது. எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் சுத்தமாக, பளிச்சென்று விழுந்திருந்தது. ஆனால் முன்னால், ஒரு தலைக் குறித் தூரத்தில் நிற்கிற நான் கலங்கலாக இருந்தேன். முறைத்துக்கொண்டு, வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கண்ணாடியில், இருட்டு வளையத்துக்கு நட்டநடுவே, தோளில் முந்தானையோடு அம்மா நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்குத்திகூடத் தெரிந்தது. ஜடை? கண்ணாடி ஓரத்தில் இரண்டு வரிசை மொட்டும் குஞ்சலத்தின் நுனியும்.

“என் ஜடை எங்க?” என்று கேட்டேன். தலையைத் தடவிப் பார்த்தேன். சந்தனம்தான் கையில் வந்தது.

பெரியப்பா எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுப்பதற்காக உறையை எடுத்துவைத்துக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார். கொம்பு வைத்த படத்தைக் கிழித்தார். நெருப்புப் படத்தை, பாவாடையாவது தெரிகிறது என்று உள்ளே வைத்தார். கடைசிப் படத்தைத் தனியே தள்ளினார்.

“இது வேணாம். நேரா நிக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தானும் விழுந்து, புள்ள படத்தையும் கெடுத்தாச்சு. அதுவும் இப்படிச் சிரிச்சுக்கிட்டு. ஊரான் கையில குடுத்தனுப்புற படமா இது?”

அம்மா சமையலறை நிலையிலிருந்து வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“அக்கா, அதையும் வெச்சுடச் சொல்லுங்க,” என்றாள். “அந்தப் படத்தை அவங்க அப்பாவுக்கு அனுப்பணும்னு புள்ளை ஆசைப்படுது.”

அப்பட்டமான பொய். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“நான் ஒண்ணும் ஆசப்ப...”

இடுப்பில், பாவாடை நாடாவுக்குச் சற்று மேலே, அம்மா கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு அல்ல. பிடித்துத் திருகிய கிள்ளு. வலி பொறுக்காமல் நான் ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தால் அவள் என்னைக் கவனிக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா என் இடுப்பைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். படத்தை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு உதட்டோரம் துடித்தது.

“என்னாங்க,” என்றாள் பெரியப்பாவிடம். “புள்ளை எப்படி ஏங்கி ஏங்கி அழுவுது பாருங்க. மொட்டைத் தலையோட அதப் பாக்கச் சகிக்கல. வெச்சுத் தொலைங்களேன்.”

“இல்ல, நான் அதுக்கு அழுவல!” என்று சொல்ல வாயெடுத்தேன். விக்கலில் எதுவும் சரியாக வரவில்லை. “அது... அதுக்கு...” என்று படத்தைக் காட்டிக் காட்டி அழுதேன்.

பெரியப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. “சரி சரி, அழாத. அதையே அனுப்பிடுவோம்,” என்று சொல்லி, படத்தை உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, என் தலையையும் ஒருமுறை தட்டிக்கொடுத்தார். அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, வழக்கத்தில் இல்லாதபடி, அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. என் ஜடையைக் கெடுத்து, என்னைக் கிள்ளி, பொய்யும் சொல்லிவிட்டு ஒருத்தி பாடவும் செய்கிறாளே என்று எனக்கு ஆற்றாமை இன்னும் கூடியது. அவள் காதில் விழட்டும் என்று இன்னும் உரக்க அழுதேன்.